தாயை இழந்த ஐந்து நாய்க்குட்டிகள்: கடலூர் மீனவக் குடியிருப்பில் புட்டிப்பால் வளர்ப்பு

பின்னணி

கடலூர் தேவனாம்பட்டினத்தை ஒட்டிய ஒரு மீனவக் குடியிருப்பு. நவம்பர் மழைக்கு நடுவே, கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகுக்கு அடியில் தெருநாய் ஒன்று ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. ஓரிரு நாளில், ராத்திரி வண்டியில் அடிபட்டுத் தாய் இறந்துவிட்டது. விடிந்ததும் முனகல் சத்தம் கேட்டு, எதிர்வீட்டுப் பெண் குட்டிகளை முறத்தில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் அவர், கல்லூரியில் படிக்கும் மகள், மகளின் ஆயா (பாட்டி) என மூன்று பேர்.

குட்டிகளுக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. தொப்புள்கொடி காய்ந்து சுருங்கி, ஆனால் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அது விழுந்துவிடும். ஆகவே இரண்டு நாள் குட்டிகள் என்று கணக்கிடப்பட்டது. இந்தக் கணக்கு முக்கியமானது. சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் முழுதாக உறிஞ்சும். இந்த ஐந்தும் அதைக் குடித்திருந்தன. பிறந்த உடனே தாயை இழந்த குட்டிகளாக இருந்திருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே வேறு.

முதல் அரை நாள்

வீட்டில் இருந்த பாக்கெட் பாலைக் காய்ச்சி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டினார்கள். மகள் புட்டி வாங்கி வரலாம் என்றபோது, "சங்குல ஊத்துனா சட்டுனு முடிஞ்சிரும் பாப்பா, நீயும் இதுலதான் குடிச்ச" என்றார் ஆயா. மதியத்துக்குள் மூன்று முறை புகட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் குட்டியை மல்லாக்க மடியில் கிடத்தி, வாயோரம் சங்கைச் சாய்த்தார்கள்.

இதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. நாய்க்குட்டி பால் குடிப்பது குப்புறப் படுத்து, முன்னங்கால்களால் தாயின் மடியை அமுக்கியபடி. மல்லாக்கப் போட்டுப் பாலை ஊற்றினால் விழுங்குவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சங்கில் குட்டி உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை, சாய்த்தால் பால் தானாக இறங்கும். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கும் பால் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், அதற்குத் தெம்பில்லை என்பதே புகட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது ஆபத்து பால். பசும்பாலில் புரதம் சுமார் 3.3 சதவீதம், கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி. நாய்ப்பாலில் இரண்டுமே ஏறத்தாழ இரு மடங்கு, சர்க்கரையோ பசும்பாலைவிடக் குறைவு. பசும்பாலே குட்டிக்குத் தண்ணீர்ப் பால்தான். அதில் இன்னும் தண்ணீர் சேர்த்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

மாலையில் கண்டவை

நாய்க்குட்டிகளை வளர்த்துப் பழகிய ஒரு தன்னார்வலர் மாலை நான்கு மணிக்கு வந்து பார்த்தார். ஐந்தும் கோணிச் சாக்கின் மேல் கிடந்தன. இரண்டு விடாமல் கத்தின. மற்றவை சத்தமே இல்லை. வயிறு மட்டும் மத்தளமாக உப்பியிருந்தது. சுண்டு விரலை வாயில் வைத்தபோது கருப்புக் கடுவன் மட்டும் இழுத்துச் சப்பியது.

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் செலுத்தி வெப்பநிலை எடுக்கப்பட்டது. எடை, சமையலறைத் தராசில். மீன் விற்கும் தராசு வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது 5 கிராம் படிகளில்தான் காட்டும். நாளுக்கு 15, 20 கிராம் ஏறுகிற உயிருக்கு 1 கிராம் காட்டுகிற தராசு வேண்டும்.

கருப்புக் கடுவன்: 318 கிராம், 94.1 டிகிரி ஃபாரன்ஹீட்
செவலைக் கடுவன்: 302 கிராம், 93.6
செவலைப் பெட்டை: 284 கிராம், 93.8
வெள்ளைப் பெட்டை: 276 கிராம், 93.0
சின்னக் கருப்புப் பெட்டை: 208 கிராம், 91.4

முதல் வாரத்தில் குட்டியின் உடம்பு 95 முதல் 99 டிகிரி வரை இருக்க வேண்டும். ஐந்துமே அதற்குக் கீழே. (சாதாரணத் தெர்மாமீட்டர் 90 டிகிரிக்குக் கீழே போனால் எண் காட்டாமல் ‘லோ’ என்று காட்டும். அது பேட்டரிக் கோளாறு என்று எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது.) வெள்ளைப் பெட்டையின் மூக்கு நுனியில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. மார்பில் காது வைத்தால் கரகரவென்ற சத்தம்.

முதல் முடிவு: பாலை நிறுத்துவது

வீட்டாருக்கு ஏற்கக் கடினமாக இருந்தது இதுதான். கத்துகிற குட்டிக்குப் பால் கொடுக்காதே என்றால் எந்தத் தாய்க்கு மனசு வரும்? தொலைபேசியில் பேசிய கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார்: 95 டிகிரி தொடும் வரை ஒரு சொட்டுப் பால் கூடாது.

காரணம் இது. பிறந்து ஆறு நாள் வரை குட்டிக்கு நடுங்கத் தெரியாது. உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் அசைவு நின்றுவிடும். உள்ளே போன பால் அங்கேயே கிடந்து புளித்து, காற்று சேர்ந்து, வயிறு உப்பும். உப்பிய வயிறு நெஞ்சை அழுத்தி மூச்சு முட்டவைக்கும், பால் எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் இறங்கும். அன்று பார்த்த மத்தள வயிறு பால் குடித்து நிறைந்த வயிறு அல்ல.

சூடேற்றியது ஐஸ் வைத்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில். நன்றாகக் கழுவிக் காயவைத்து, மூடியை எடுத்துவிட்டு, மேலே பாதி மட்டும் துணி போர்த்தினார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டில், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீர் நிரப்பி, ஒவ்வொன்றையும் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கசியும். மறு பாதியை வெறுமனே விட்டது, சூடு தாளாத குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும் என்பதற்காக. தெர்மாகோலுக்குள் பல்பு தொங்கவிடவே கூடாது, உருகித் தீப்பிடிக்கும். பெட்டிக்குள் குட்டி படுக்கும் மட்டத்தில் 86 முதல் 90 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

உடம்புச் சூடு மணிக்கு 2 டிகிரி அளவில் ஏறினால் போதும். அவசரப்பட்டு அடுப்படியிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்துவிடும், குளிர்ந்த இதயத்தால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. இடையில், மருத்துவர் சொன்னபடி, குளுக்கோஸ் கரைத்த வெதுவெதுப்பான நீரில் விரலை நனைத்து ஈறில் மட்டும் தடவினார்கள். இரவு ஏழு மணிக்குள் நான்கு குட்டிகள் 95-ஐத் தாண்டின. சின்னதுக்கு ஒன்பது மணி ஆயிற்று.

முதல் சரியான பால்

நாய்க்குட்டிப் பால் பவுடர் அன்றிரவு கிடைக்கவில்லை. அதனால் தற்காலிகக் கலவை: ஆவின் பச்சை பாக்கெட் பால் 240 மி.லி., முட்டை மஞ்சள் கரு இரண்டு, சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. வெள்ளைக் கரு சேர்ப்பதில்லை. ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு இருப்பதால் அதை எடுத்தால் எண்ணெய் தேவைப்படாது. கிருமிக்குப் பயந்து மஞ்சள் கருவை நன்றாக வேகவைத்து, பாலில் மசித்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினார்கள். ஒருமுறை மட்டும் வடித்தால் நிப்பிள் அடைத்துக்கொள்ளும். இது ஓரிரு நாளைக்கான ஏற்பாடுதான். மறுநாள் மாலை பவுடர் வந்ததும் மாற்றினார்கள். மனிதக் குழந்தைக்கான பால் பவுடரில் புரதம் போதாது என்பதால் அது தவிர்க்கப்பட்டது.

அளவுக் கணக்கு: 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ கலோரி. கரைத்த பால் ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி தருவது. ஆகவே 302 கிராம் குட்டிக்கு நாளுக்கு 60 மி.லி., மூன்று மணிக்கு ஒருமுறை என எட்டு வேளையில் வேளைக்கு 7.5 மி.லி. 208 கிராம் குட்டிக்கு வேளைக்கு 5 மி.லி. வயிற்றின் கொள்ளளவு 100 கிராமுக்கு 4 மி.லி. அளவுதான். குட்டி இன்னும் கேட்கிறதே என்று அதைத் தாண்டினால் அடுத்த வேளைக்குள் வயிற்றுப்போக்கு. முதல் இரண்டு வேளை பாதி அளவு, தண்ணீர் சேர்த்துத் தளர்த்திய பால். முழு அளவுக்குப் போனது மூன்றாம் நாள்.

நிப்பிள் பெரும்பாலும் ஓட்டை இல்லாமல்தான் வரும். ஊசியைச் சூடாக்கிக் குத்த வேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் புரையேறும். விழவே இல்லை என்றால் குட்டி காற்றை இழுத்து, களைத்து, பாதியில் தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று நினைப்பது சகஜம். தராசுதான் காட்டிக்கொடுக்கும்.

குட்டியை மேசைமேல் மடித்த துண்டில் குப்புற வைத்து, தலையைச் சற்றே தூக்கலாகப் பிடித்து, புட்டியை 45 டிகிரி சாய்த்துக் கொடுத்தார்கள். நிப்பிளில் எப்போதும் பால் நிறைந்திருக்க வேண்டும். முன்னங்கால்கள் துண்டைப் பிசைய விடப்பட்டன. பால் புறங்கையில் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் பதம். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழாகச் சாய்த்துத் துடைக்க வேண்டும், அந்த வேளை அதோடு சரி.

ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பின்னும் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அடிவயிற்றுக்குக் கீழே வட்டமாக நீவிவிட்டார்கள். மூன்று வாரம் வரை குட்டி தானாக மூத்திரமோ மலமோ போகாது. தாய் நக்கிவிடுவதால்தான் போகும். மூத்திரம் வெளிறியிருக்க வேண்டும், அடர்மஞ்சள் என்றால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

இரண்டு இழப்புகள்

வெள்ளைப் பெட்டைக்கு மறுநாள் காலை மருத்துவர் நுரையீரல் அழற்சி என்று உறுதிசெய்து ஊசி போட்டார். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டுபோகலாமா என்று யோசித்தார்கள். கொட்டும் மழையில் அவ்வளவு தூரம் போனால் உடம்புச் சூடு மறுபடி இறங்கிவிடும் என்பதால் மருத்துவர் வேண்டாமென்றார். வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியிருந்த அந்தக் குட்டி அன்றிரவு இறந்தது. காரணம் முதல் அரை நாளில் நுரையீரலுக்குள் போன பால். ஆயாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று மகள் தயங்கினாள். மருத்துவரே அவரிடம் நிதானமாக விளக்கினார். அதன் பிறகு சங்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பஞ்சால் நீவும் வேலையை ஆயா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மூவரில் அவர் கைதான் அதற்கு மிகப் பொருத்தமாக இருந்தது.

சின்னக் கருப்புக்கு உறிஞ்சும் தெம்பே வரவில்லை. மருத்துவமனையில் மூக்கிலிருந்து கடைசி விலா வரை அளந்து அடையாளமிட்ட மெல்லிய குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். பழகாதவர் செய்தால் குழாய் நுரையீரலுக்குள் போய்விடக்கூடிய வேலை இது. வீட்டில் யாரும் முயலவில்லை. மூன்றாம் இரவு கரண்ட் போனது. அந்த இருட்டில் பாட்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் நிரப்பியதால் இரண்டும் ஒரே நேரத்தில் ஆறிப்போயின. பெரிய குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சூட்டைக் காத்துக்கொண்டன. சின்னது ஓரமாக ஒதுங்கிவிட்டது. நான்காம் நாள் விடியலில் 92 டிகிரி. மறுபடி சூடேற்றியும் பிழைக்கவில்லை.

மறுநாளிலிருந்து பாட்டில்களை முக்கால் மணி இடைவெளி விட்டு மாற்றி மாற்றி நிரப்பினார்கள். ஃபிளாஸ்கில் எப்போதும் வெந்நீர் இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜில் இருந்த கரைத்த பாலைக் கொட்டிவிட்டு, வேளைக்கு வேளை புதிதாகக் கரைத்தார்கள்.

ஆறாம் நாள் வயிற்றுப்போக்கு

செவலைக் கடுவனின் எடை இப்படி ஏறி வந்தது: 302, 298, 306, 322, 339. ஆறாம் நாள் காலை 327. மலம் பச்சையாக, தண்ணீராக. செவலைப் பெட்டைக்கும் அதேபோல. சரியாகச் செரித்தால் மலம் கடுகு மஞ்சள் நிறத்தில், பற்பசை பதத்தில் இருக்கும்.

இரவு முறைக்கு ஒருவர், பகல் முறைக்கு ஒருவர் என்று பால் கரைத்ததில் விடை இருந்தது. பகலில் கரண்டியைத் தலைதட்டிப் போட்டார்கள். இரவில் குவித்து, அழுத்திப் போட்டார்கள். அழுத்திய கரண்டியை எடை போட்டபோது தலைதட்டியதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. பால் அளவுக்கு மீறிக் கெட்டியானால் குடல் உடம்பின் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுவே பேதியாக வெளியேறும். மருத்துவர் யோசனைப்படி அடுத்த இரண்டு வேளை உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும், பிறகு ஒரு நாள் பாதி அடர்த்திப் பால், பிறகு முழுப் பால். அன்றிலிருந்து பவுடரையும் தராசில் நிறுத்தே போட்டார்கள். எட்டாம் நாள் செவலைக் கடுவன் 350-க்கு வந்தது.

பெட்டியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தியது இதே வாரத்தில். பால் சிந்திய துணிக்கு எறும்பு வரும். கண் திறக்காத குட்டியைக் கடித்தே கொன்றுவிடும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்ணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பக்கத்து வீட்டில் சொன்ன மண்ணெண்ணெயையும், கடையில் விற்கும் உண்ணி மருந்தையும் தொடவில்லை. இந்த வயதில் இரண்டும் விஷம்.

ஒன்பதாம் நாள் கருப்புக் கடுவனின் குறி சிவந்து வீங்கியிருந்தது. தாயின் காம்பு இல்லாத குட்டிகள் ஒன்றையொன்று சப்பத் தொடங்கும். வீக்கம் கூடினால் மூத்திரமே அடைபடும். பெட்டிக்குள் அட்டை வைத்துத் தடுத்து, உணவு வேளைக்குப் பின் அரை மணி மட்டும் ஒன்றாக விட்டார்கள். மூன்று நாளில் வீக்கம் வடிந்தது.

பின்னர் நடந்தவை

பதினோராம் நாள் கண் திறக்கத் தொடங்கியது. இரண்டு வார வயதில் எடைக்கேற்பக் குடற்புழு மருந்து, பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தெருநாய்க் குட்டிகளில் புழு தாயின் வயிற்றிலிருந்தே வருவதால் இதைத் தள்ளிப்போடவில்லை. மூன்று வாரத்தில் பல் முளைத்தது. நான்காம் வாரம் தட்டையான தட்டில், பாலில் ஊறவைத்து மசித்த குட்டி உணவு. மீன்காரர் வீடாகையால் மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் முள்ளுக்குப் பயந்து இரண்டு மாதம் வரை கொடுக்கவில்லை.

மூன்று குட்டிகளும் எட்டு வாரத்தைத் தாண்டின. முதல் தடுப்பூசி போட்ட பின் கருப்பும் செவலைக் கடுவனும் வேறு வீடுகளுக்குப் போயின. செவலைப் பெட்டை அதே வீட்டில் இருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

தாயில்லாக் குட்டி வீட்டுக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது தெர்மாமீட்டர், இரண்டாவது வெந்நீர், மூன்றாவது தராசு. பால் நான்காவது. இந்த வரிசை முதல் நாள் காலையிலேயே நடந்திருந்தால் வெள்ளைப் பெட்டை பிழைத்திருக்கும் என்றே சொல்ல வேண்டும். சின்னதைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 208 கிராம் குட்டிக்குத் தாய் இருந்தாலுமே போராட்டம்தான்.

ஒரே நோட்டில் எல்லோரும் எழுதியிருக்க வேண்டும்: நேரம், எடை, குடித்த அளவு, மலத்தின் நிறம், உடம்புச் சூடு, யார் கொடுத்தது. ஆறாம் நாள் வரை ஆளுக்கொரு தாளில் எழுதினார்கள். அதனால்தான் கரண்டி வித்தியாசம் கண்ணில் படவில்லை.

பால் தரும் வேறொரு தாய் நாய் கிடைத்தால் புட்டியைவிட அது மேல். இரண்டு தெரு தள்ளி ஒன்று இருந்தது. அதன் குட்டிகளுக்குச் சொறி இருந்ததால் விட்டுவிட்டார்கள். அந்த முடிவு சரியே. ஆனால் முதல் நாளே நாலு பேரிடம் விசாரித்திருந்தால் வேறொன்று கிடைத்திருக்கக்கூடும்.

இன்னொன்று, மூன்றாம் மாதத்தில் தெரியவந்தது. செவலைப் பெட்டை விளையாட்டாகக் கடிக்கும்போது அழுத்தம் தெரியாமல் கடிக்கிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் உடன்பிறப்புகளிடம்தான் கற்கின்றன. ஒன்றையொன்று சப்பாமல் இருக்க வைத்த அட்டைத் தடுப்பை வீக்கம் வடிந்ததும் எடுத்திருக்கலாம். ஐந்தாம் வாரம் வரை அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. இப்போது மகள் விளையாடும்போது, பல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். கடிப்பது குறைந்து வருகிறது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று, கருத்தடைக்கு ஆறு மாத வயதுக்குப் பின் நாள் கேட்டிருக்கிறார்கள்.